காலஞ்சென்ற தாத்தா மூன்றரை மணிக்கு வருவார்

1

இந்த ஆண்டு பிப்ரவரியில் நான் மெல்பர்னில் பதினெட்டு நாள் இறந்துபோயிருந்தேன். அதே பதினெட்டு நாளும் ஒரத்தநாட்டில் நல்ல உடல்நலத்தோடு நடமாடிக்கொண்டும் இருந்தேன். காலையில் நடை, பத்து மணிக்கு ஒரு காப்பி, சர்வேயர் வந்துவிட்டாரா என்று தாலுகா ஆபீசில் ஒரு விசாரிப்பு, சாயங்காலம் இன்னொரு காப்பி. ஒரே ஆள் இரண்டு நாட்டில் இரண்டு நிலையில் இருப்பது எனக்கே தெரியாது. ஊரில் இருக்கும் நண்பர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் என் அண்ணனுக்குப் போன் செய்து காரியம் என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வாக்குமூலம் வாங்கிப் பழக்கம் உண்டு. கொடுப்பது இதுதான் முதல் தடவை.

குடும்பம் சிறியது. மகன் செந்தில், மருமகள் அபிராமி. இருவருக்கும் வேலை, இருவருக்கும் மடிக்கணினி. பேத்திகள் இரண்டு பேர்: நிலாவுக்குப் பதின்மூன்று வயது, யாழினிக்கு ஏழு. நானும் என் மனைவி கமலாவும் ஆறு ஆண்டுகளுக்கு முன் நிரந்தரமாக இங்கே மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தோம். நிரந்தரம் என்பது விசாவில் அச்சாகியிருக்கும் சொல், நான் போட்டுக்கொண்டதல்ல.

இந்த நாட்டில் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு. பிற்பகல் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று யாழினியைக் கூட்டிவருவது. பள்ளிக்கும் வீட்டுக்கும் பன்னிரண்டு நிமிட நடை. அவளோடு நடந்தால் அரை மணி. அந்த அரை மணியும் அவள் தமிழில் பேசுவாள். வீட்டுக்கதவு திறந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள், செருப்பைக் கழற்றுவதுபோல. நிலாவும் ஒரு காலத்தில் இப்படிப் பேசியவள்தான். இப்போது அவள் காதில் எந்நேரமும் ஏதோ செருகியிருக்கிறது. நான் கேட்பதற்கு அவள் தலையாட்டல் ஒன்று வரும், அது எனக்கா பாட்டுக்கா என்று தெரியாது.

ஒரு வட்டத்தில் நூற்றுச் சொச்சம் கிராமத்தை வைத்து நிர்வாகம் பார்த்தவனுக்கு இப்போது அதிகார எல்லை பன்னிரண்டு நிமிடம். அதையும் இழக்க இருந்தேன் என்பதுதான் இந்தக் குறிப்பின் சாரம்.

2

இங்கே பள்ளிக்கூடத்துப் பெரிய விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முடிய. நம்மூர்ப் பொங்கலை உத்தேசித்து வைத்ததுபோலவே இருக்கும். எல்லோரும் ஒரத்தநாட்டுக்குப் போனோம். அண்ணன் வீட்டில் தங்கல். சம்பா அறுவடை நேரம். வயலில் அறுவடை மிஷின் ஓடுவதைப் பார்க்க யாழினி தினமும் போய்விடுவாள். திரும்பி வரும்போது தலைமுடி முழுக்க வைக்கோல் தூசி. குளித்தால் போகாது, அவள் அதைப் பெருமையாகவும் நினைத்தாள். நிலா வீட்டு மாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரு மூலையைக் கண்டுபிடித்து ஐந்து வாரத்தையும் அங்கேயே கழித்தாள். திருவையாறு வரை காரில் கூட்டிப்போய் ஆற்றில் தண்ணீர் காட்டினேன். "ஓகே" என்றாள்.

பள்ளி திறக்கிறது என்று ஜனவரி கடைசியில் எல்லோரும் கிளம்பினார்கள். கமலாவும் கூடப் போனாள். நான் தங்கிவிட்டேன். காரணம், அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் என் பங்கு ஒன்றே முக்கால் ஏக்கரை அளந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கவேண்டியிருந்தது. என் கையால் இப்படி எத்தனை பட்டா கொடுத்திருப்பேன். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எப்போது புரண்டு படுக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவ்வளவும் தெரிந்ததால் என்ன பயன் என்றால், தாமதம் எங்கே ஆகிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டே காத்திருக்கலாம்.

திருச்சி விமான நிலையத்தில் யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க எப்ப வருவீங்க?"

"பேப்பர் சரியானதும் வந்துடுவேன்டா."

"எந்த பேப்பர்?"

"நிலத்துப் பேப்பர்."

"அது தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல. மெதுவா இருக்கு."

கமலா இடையில் புகுந்து, "அவரு ஆபீசுலேர்ந்து வெளிய வந்தாலும் ஆபீசு அவர விட்டு வெளிய வராது, நீ வாடி கண்ணு" என்று கூட்டிப்போனாள்.

3

பள்ளி திறந்த முதல் வாரமே யாழினி வீடியோவில் கூப்பிட்டாள். வகுப்பில் 'என் குடும்பம்' என்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுத வேண்டும். ஒரு மரம் படம் வரைந்து, இலைக்கு ஒரு பெயராக எழுதவேண்டுமாம்.

"மரத்துலயா? மரத்துல எழுதுனா யாரு ஒத்துக்குவா? நீ பேசாம இரு. தாத்தா முறையா தயார் பண்ணி அனுப்புறேன்."

"லீஃப் வேணும் தாத்தா."

"இலையெல்லாம் அப்புறம் ஒட்டிக்கலாம்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி மையத்துக்குப் போனேன். அங்கே டைப் அடிக்கும் ரேவதி என்ற பெண் நாள் முழுக்கத் தாலுகா ஆபீஸ் மனுக்களே அடிப்பவள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். குடும்ப விவரம், ஆங்கிலத்தில், கட்டம் போட்டு வேண்டும் என்று சொன்னேன்.

"வாரிசு சர்டிபிகேட் மாதிரி போட்டுடவா சார்? அதுல எல்லா காலமும் இருக்கும்."

"போடும்மா. அதவிட நல்ல ஃபார்மட் எவன் கண்டுபிடிச்சான்?"

ஒருவர் இறந்துபோனால் அவர் குடும்பத்தில் யார் யார் சட்டப்படி வாரிசு என்று தாசில்தார் கொடுக்கும் சான்று அது. வரிசை எண், பெயர், உறவு, வயது, மணமானவரா, ஆகாதவரா என்று சுத்தமாக இருக்கும். தலைப்பில் குடும்பத்துக்கு மூத்தவராக என் பெயர். கீழே மனைவி, மகன், மருமகள், பேத்திகள். மருமகளும் பேத்திகளும் வாரிசாக வரமாட்டார்கள் என்று ரேவதி ஆட்சேபித்தாள். "இது ஸ்கூலுக்கும்மா, பொழைச்சுப் போகட்டும்" என்று நான் விதியைத் தளர்த்தினேன்.

தாளை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். மூன்று பிழை கண்டுபிடித்தேன். யாழினி வயதில் ஒன்று, அபிராமியின் பெயரில் ஒன்று, ஒரு கமா. திருத்தி வாங்கி, அடியில் தேதியோடு கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, பேத்தியின் வீட்டுப்பாடத்தையும் ஒரு கோப்பாக முடித்த திருப்தியோடு காப்பி குடிக்கப் போனேன்.

தலைப்பில் என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தது. ரேவதியைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் படிவத்தில் அந்த இடத்தில் உயிரோடு ஒருவர் பெயர் வந்ததை அவள் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. அதனால்தான் கமாவைப் பிடித்த கண் அதை விட்டுவிட்டது. வருவாய்த் துறை வரலாற்றில் இறந்தவரே தன் வாரிசுகளுக்குச் சான்றளித்துக் கையொப்பமும் இட்ட ஆவணம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

4

அதன்பிறகு மெல்பர்னில் நடந்ததை, திரும்பி வந்து ஒவ்வொருவராக விசாரித்துத் தொகுத்திருக்கிறேன்.

யாழினி அதை அச்செடுத்து, ஓரத்தில் பச்சை இலைகள் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் படித்திருக்கிறார். விடுமுறைக்கு இந்தியா போய்வந்த குழந்தை. போவதற்கு முன் வாசலுக்குத் தாத்தா வருவார். வந்தபின் பாட்டி வருகிறார். குழந்தையின் முகம் வாடியிருக்கிறது. கையில் சட்டப்படியான காகிதம் இருக்கிறது. நான் விசாரணை அதிகாரியாக இருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

டீச்சர் யாழினியைத் தனியே உட்காரவைத்துப் பேசினாராம். பேசியது ஆங்கிலத்தில், யாழினி எனக்கு நடித்துக் காட்டியதைத் தமிழில் தருகிறேன்.

"தாத்தா நினைப்பாவே இருக்காடா?"

"ஆமா."

"தாத்தா இப்ப எங்க இருக்காருன்னு நினைக்கிற?"

"தஞ்சாவூர்ல. வயல்ல."

டீச்சர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாராம். பிறகு, "அங்க அவருக்கு நிம்மதியா இருக்கும், இல்லையா?"

"ரொம்ப. அவரோட அண்ணனும் அங்கதான் இருக்காரு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்க."

"திரும்பி வருவாருன்னு உனக்குத் தோணுதா?"

"வருவாரு. அம்மா சொன்னாங்க. பேப்பர் சரியாகணும், அவ்வளவுதான்."

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாராம்.

அன்றிலிருந்து யாழினிக்கு வகுப்பில் தனி மரியாதை. மெத்தை போட்ட மூலை ஒன்று இருக்கிறது; மனசு சரியில்லாத குழந்தைகள் அங்கே போய் வண்ணம் தீட்டலாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அவளுக்கு அனுமதி. அவளுக்குப் பெரும்பாலும் கணக்கு நேரத்தில்தான் மனசு சரியில்லாமல் போயிருக்கிறது.

பெற்றோருக்குத் தெரிவிக்கவில்லையா என்று கேட்பீர்கள். முறைப்படி தெரிவித்திருக்கிறார்கள். செந்திலுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவனுக்குப் பள்ளியிலிருந்து ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும். ரயிலில் நின்றபடி முதல் வரியைப் பார்த்திருக்கிறான்.

"வருந்துறோம்னு இருந்துச்சுப்பா. நீச்சல் கிளாஸ் கேன்சல் போலன்னு நினைச்சேன்."

இப்போதெல்லாம் போனே பதிலும் எழுதிக் காட்டுகிறது. 'உங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி' என்று காட்டியிருக்கிறது. இவன் விரலால் ஒரு தட்டு. தந்தையின் மறைவை மகன் எழுத்துப்பூர்வமாக உறுதி செய்தாயிற்று. அதன்பேரில், குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி பெற்றோர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கியிருக்கிறார்கள்.

கமலாவின் நடத்தை இதைவிட மோசம். வாசலில் டீச்சர் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏதோ உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். இவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் பயன்படுத்தி "தேங்க் யூ, தேங்க் யூ" என்றிருக்கிறாள். அடுத்த நாள் வெள்ளைப் பூ பூத்த ஒரு தொட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"லீவுக்குப் போயிட்டு வந்ததுக்கே இவ்வளவு மரியாதையான்னு எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவள் நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம் இருக்கும். நம்மூரில் நான் உயிரோடு இருப்பதற்கு அதுவே அத்தாட்சி. மெல்பர்னில் அதைப் படிக்கத் தெரிந்தவர் வாசலில் யாருமில்லை.

நிலாவைக் கேட்டேன். காதில் இருந்ததைக் கழற்றாமலே சொன்னாள்: "யாழினி ஹோம்வொர்க்க நான் பாத்தேன் தாத்தா. உங்க ஆபீஸ் ஜோக்னு நினைச்சேன்."

5

சர்வேயர் வரவே இல்லை. ஓய்வூதியர்களுக்கான நேர்காணலை மட்டும் முடித்துக்கொண்டு நான் விமானம் ஏறினேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அரசு ஆண்டுக்கொருமுறை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. காலையில் வந்து இறங்கினேன். தூங்கச் சொன்னார்கள். மூன்று மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இருந்தேன். வெயில் ஒரத்தநாட்டு வெயிலைவிடக் கடுமை.

பட்டியலும் கையுமாக வாசலுக்கு வந்த டீச்சர் என்னைப் பார்த்தார். நம்மூராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு கூச்சல் கேட்டிருக்கும். அவர் பட்டியலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் வணக்கம் சொன்னார். பிறகு பட்டியலில் என் பெயர் இல்லை என்றார்.

"டிசம்பர்வரை இருந்ததே?"

"ஆமாம், இருந்தது."

"நீக்கியதற்குக் காரணம்?"

தயங்கினார். "இறப்பு."

"யாருடைய இறப்பு?"

"உங்களுடையது."

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து காட்டினார். பச்சை இலைகளுக்கு நடுவே என் பெயரும், அதற்கு முன்னால் அந்தச் சொல்லும். என் கையொப்பம் கம்பீரமாக இருந்தது.

நான் நிலைகுலையவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். ஓய்வூதியர் அடையாள அட்டையைக் காட்டினேன். சட்டைப்பையில் நேர்காணல் சான்று இருந்தது; மேற்படி நபர் என் முன் உயிருடன் ஆஜரானார் என்று கருவூல அதிகாரி கையொப்பமும் முத்திரையும் போட்டது. அதையும் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, நான் உயிரோடு இருப்பதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி என்றார். ஆனால் பெயரை மறுபடி சேர்க்கப் பெற்றோர் படிவம் கொடுக்கவேண்டும். அதுவரை குழந்தையை என்னிடம் விட முடியாது என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆள் எதிரே நிற்கிறார், காகிதம் வேறு சொல்கிறது. காகிதத்தின் பக்கம் நிற்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். என் கீழே வேலை பார்த்தவர்களில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் இன்னும் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

இதற்குள் யாழினி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, ரகசியமாகக் கேட்டாள்:

"தாத்தா, இனிமே நான் கணக்கு செய்யணுமா?"

"நீ ஏன்டா டீச்சர்ட்ட சொல்லல? நான் செத்துட்டேன்னு நினைச்சிருக்காங்களே!"

"செத்துட்டாரான்னு அவங்க கேக்கவே இல்ல தாத்தா. நினைப்பா இருக்கான்னுதான் கேட்டாங்க."

கமலாவுக்குப் போன் போட்டார்கள். அவள் வெயிலில் நடந்து வந்து, கையெழுத்துப் போட்டு, குழந்தையையும் என்னையும் வாங்கிக்கொண்டு போனாள்.

6

அன்று வீட்டில் செந்தில் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. அபிராமி சிரிக்கவில்லை. பாத்திரங்களை ஒதுங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பேர மறுபடியும் சேக்கணுமான்னு யோசிக்கிறேன்."

"ஏம்மா?"

"ஸ்கூல் முடிஞ்சதும் அங்கேயே கிளப் இருக்கு, ஆறு மணி வரைக்கும். மத்த புள்ளைங்கல்லாம் அங்கதான் விளையாடுது. இவ மட்டும் உங்களோட நடந்து வந்துடுறா. இவளுக்கு ஃப்ரண்டே இல்ல மாமா. அந்த மூலையில போய் உக்காந்ததுகூட அதனாலதான். கணக்குக்குப் பயந்து மட்டும் இல்ல."

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒரு கமாகூட இல்லை. யாழினி தமிழ் பேசுகிறாள் என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்த அரை மணியில் அவள் வகுப்புக் குழந்தைகள் மைதானத்தில் ஓடிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்த வேலியை ஒட்டித்தான் தினமும் நடந்து வருவோம். அவள் வேலிக்கம்பிகளை விரலால் தடவிக்கொண்டே வருவாள். அது விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

"நாம ஏன் மண்டைய உடைச்சிக்கணும்? புள்ளையவே கேளுங்க" என்றாள் கமலா.

கேட்டோம். யாழினி யோசித்தாள். கிளப்பில் என்றைக்கு என்ன என்று அம்மாவிடம் விசாரித்தாள். இவ்வளவு கவனமாக ஒரு நிலப் பிரச்சினையை நான்கூடத் தீர்த்ததில்லை.

"செவ்வாய், புதன், வெள்ளி கிளப். திங்கள், வியாழன் தாத்தா."

"வெள்ளிக்கிழமைய எனக்குக் கொடுத்துடேன்டா" என்று மேல்முறையீடு செய்தேன்.

"வெள்ளிக்கிழமை பான்கேக் குடுப்பாங்க தாத்தா."

பான்கேக்கை எதிர்த்து வாதாட என்னிடம் ஆவணம் ஏதுமில்லை. ஒன்றே முக்கால் ஏக்கருக்கு உட்பிரிவு இன்றுவரை ஆகவில்லை. என் வாரத்துக்கு ஒரு நிமிடத்தில் ஆகிவிட்டது. அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. விமானப் பயணக் களைப்பு என்று எல்லோரும் நாகரிகமாக ஒத்துக்கொண்டார்கள்.

செந்தில் படிவத்தை எடுத்து வைத்து நிரப்பினான். நான் உதவ முன்வந்தேன். "நீங்க தொடவே வேணாம்பா" என்றான். கையெழுத்துப் போட்டு யாழினியின் பையில் வைத்து அனுப்பினான். பிறகு அது என் கண்ணில் படவில்லை.

முதல் திங்கட்கிழமை வந்தது. மூன்று மணிக்கே போய் நின்றேன். டீச்சர் வெளியே வந்து, என் பெயரைப் பட்டியலில் பார்த்து, தலையசைத்தார். பிறகு, படிவத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டுக் காட்டினார். செந்திலின் எழுத்தில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தது. கடைசியில் 'பிற விவரங்கள்' என்று ஒரு கட்டம். என்னிடம் வரும் எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கோடு போடச் சொல்வதே என் வழக்கம். இதில் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவில், பெரிய பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது:

'இவர் உயிரோடு இருக்கிறார். எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவார். கால் வலிக்கும், சொல்லமாட்டார். ஒரு நாற்காலி கொடுங்கள்.'

டீச்சர் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மரநிழலில் போட்டார். பெரியவர்களுக்கான நாற்காலி கைக்கு அகப்படவில்லை போலும். ஐந்து வயதுக் குழந்தைகள் வகுப்பில் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி. முப்பத்து நான்கு ஆண்டில் என் மேசைக்கு எதிரே நின்றவர்களில் எத்தனை பேரை உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு எம்.எல்.ஏ. முகம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

உட்கார்ந்தேன். முழங்கால் மோவாய் உயரத்துக்கு வந்தது. காத்திருந்த மற்ற பெற்றோர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். யாராவது கை கொடுத்துத் தூக்கினாலொழிய இதிலிருந்து எழுந்திருக்க முடியாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மணியைப் பார்த்தேன். மூன்றே கால். இன்னும் பதினைந்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும்.